தொலைபேசிக்கு வைத்த பொட்டு

யுத்த காலத்தில் கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் என் பக்கத்து அறையில் ஓர் அக்கா இருந்தார். ஒல்லி, கழுத்தெலும்பு தெரியும். கணவர் கனடாவுக்குக் கூப்பிடும்வரை காத்திருந்தார். கணவரின் அழைப்பு வரும் ஞாயிறுகளில் சீப்பெடுத்துத் தலை இழுத்து, பொட்டு வைத்து, நல்ல சேலை உடுத்துத்தான் கீழே தொலைபேசிக்கு இறங்குவார்.

எனக்கு லண்டன் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அவரும் அதே தொலைபேசியில்தான் கதைப்பார்.

"ஓமெண்டு சொல்லட்டோ, அக்கா?"

"அவர் கோல் எடுக்கேக்க தலை இழுக்கிறனீரோ, பிள்ளை?"

"இல்லை. அவருக்குத் தெரியவோ போகுது?"

"என்ர இவருக்கும்தான் தெரியாது," என்று சிரித்தார்.

அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்று விட்டேன். வருடங்கள் கழித்து, வேறொருவரின் அழைப்புக்காக ஒருநாள் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். உடனே ஓடிப்போய் அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் கனடா போய்ச் சேர்ந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.