என் வீட்டுத் தொட்டிக்கு அடி இல்லை

என் வீட்டுக் கழிவுத் தொட்டிக்கு அடி இல்லை. அது தொட்டியே இல்லை... கிணறு! வயலுக்கு நீர் இறைத்த கிணற்றில் கக்கூஸ் குழாய்களை இறக்கி, மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடி, அதைத் தொட்டி என்று ஊரை நம்பவைத்தவள் நான். அதிலிருந்து மண்ணுக்குள் ஊறியதைக் குடித்து ஒரு கைக்குழந்தை நீலம் பாரித்தது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள்மேல் பழி விழுந்தபோது உண்மையைச் சொல்லாமல் நின்றவளும் நான்தான்.

சொல்லிவிட்டேன். இதற்குமேல் கேட்கப் பிடிக்காவிட்டால் நீங்கள் எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

எங்கள் ஊர் பென்னலூருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. சாலையெங்கும் கம்பெனிகள் வந்தபின், நெல் போட்ட நிலத்தில் நாங்கள் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டோம். எந்தெந்த மாவட்டத்திலிருந்தோ பிள்ளைகள் வந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்து தூங்கினார்கள், எழுந்து குளித்துவிட்டு ஓடினார்கள். அத்தனை பேரின் கழிவும் எங்கேயாவது போகவேண்டுமே!

அதைக் கண்காணிக்கத்தான் ஊராட்சியில் ஒரு குழு போட்டார்கள். நான் வார்டு உறுப்பினர். குழுவுக்கும் நானே தலைவி. யார் புதிதாகத் தொட்டி கட்டினாலும் மேல்பலகை போடுவதற்குமுன் நான் போய்ப் பார்க்கவேண்டும். ஏணி வைத்து உள்ளே இறங்குவேன். ஒரு குடம் தண்ணீரை அடியில் ஊற்றச் சொல்வேன். ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றால் தொட்டி. மண் குடித்துவிட்டால் அடி கட்டவில்லை என்று அர்த்தம்... மறுபடி கட்டும்வரை விடமாட்டேன்.

"டேய், தொட்டியக்கா வர்றாங்கோ! கொடத்த ரொப்பி வைங்கடா!" என்று கொத்தனார்கள் தெருமுனையிலேயே கூவுவார்கள். எனக்கு அந்தப் பட்டப்பெயர் பிடித்திருந்தது. ஆமாம், உள்ளுக்குள் அவ்வளவு பெருமை!

என் வீட்டுக்கு மட்டும் குடம் வரவில்லை. நான் உறுப்பினராவதற்கு முன்பே பலகை போட்டு மூடியாகிவிட்டது. மூடியதைத் திறந்து பார்க்க எந்த ஊரில் யார் வரப்போகிறார்கள்? அதுவும் தொட்டியக்கா வீட்டில்!

அறைகள் கட்டும்போது என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார். "இன்னாத்துக்குமே புச்சா பள்ளம் தோண்டிக்கினு? அதான் கெணறு சும்மா கீதே! ஆயுசுக்கும் ரொம்பாது, கக்கூஸ் லாரியே கூப்ட வாணாம்." நான் சரியென்று தலையாட்டினேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது. நிரம்பாத தொட்டி என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒரு பவிசு. கல்யாண வீட்டில்கூடப் பேசிக்கொள்வோம்.

நிரம்பாவிட்டால் அது எங்கே போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குழுவில் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மத்தியான நேரம். மின்விசிறி கிறுகிறுவென்று சுற்றியது. வெளியே புங்கமரத்து நிழல் ஆடிக்கொண்டிருந்தது. மூத்திரத்திலும் மலத்திலும் இருக்கும் நைட்ரஜன் மண்ணுக்குள் இறங்கி நைட்ரேட் என்னும் உப்பாக மாறி நிலத்தடி நீரில் கலக்கும் என்றார் ஒரு அதிகாரி. வயலில் கொட்டும் யூரியாவும் அப்படித்தான் என்றார். நிறம் இராது, நாற்றம் இராது, ருசியும் மாறாது. கைக்குழந்தைக்கு அது விஷம்... இதுவரை நன்றாக நினைவிருக்கிறது. பிறகு கொதிக்கவைப்பதைப் பற்றி ஏதோ சொன்னார். அந்த இடத்தில் நான் கண்ணயர்ந்துவிட்டேனா? அல்லது கேட்டேனா? கேட்டும் கேளாதவளாக இருந்தேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை. எத்தனையோ முறை அந்த மத்தியானத்துக்குள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். புங்கமரத்து நிழல்தான் ஆடுகிறது. அவர் வாய் அசைகிறது. சத்தம் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பலகையைப் பார்த்தேன். அதைச் சுற்றி வாழை வைத்திருந்தேன். அடடா, என்ன வாழை அது! யாரும் உரம் போடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு இலையும் பந்திக்கு விரித்த பாயாட்டம் கிடந்தது. முருங்கை கூரைக்குமேல் போயிற்று. அந்தப் பச்சை வெளிச்சம் பலகைமேல் விழும்போது உலகத்தில் எந்தக் கெடுதலும் இல்லை என்று தோன்றும். அறைகளில் இருந்த பெண்கள் அங்கேதான் தலை உலர்த்தினார்கள். நானும் பகலில் அங்கேதான் படுத்துக் கிடந்தேன்.

ஊர் ஏரியும் அந்த வருடம் அப்படித்தான் ஆயிற்று. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை மூடி ஊதாப் பூவாகப் பூத்தது. கம்பெனிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்குள் தின்னக் கிடைத்தது ஏராளம் என்பதால்தான் அப்படிப் பூக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் நின்று ரசித்தேன். அழகாக இருந்ததே... நான் என்ன செய்ய!

மாரீஸ்வரி அந்தப் பச்சைக்குள்தான் வந்து சேர்ந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்குப் பாகம் செய்யும் இடத்தில் வேலை. இவள் செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவள். பிரசவத்துக்கு ஊருக்குப் போய், கைக்குழந்தையோடு திரும்பினாள். கவின் என்று பெயர். பால் சரியாகச் சுரக்கவில்லை, வேலைக்கும் சீக்கிரம் போகவேண்டும். அதனால் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தாள். அவள் ஷிப்டுக்குப் போகும்போது பக்கத்து அறைப் பெண் பார்த்துக்கொள்வாள். பாதி நேரம் அவன் என் மடியில்தான் கிடந்தான்.

ஒருநாள் அவள் கேட்டாள். "அக்கா, கேன் தண்ணி எப்பவும் கிடைக்க மாட்டேங்குது. போர் தண்ணிய பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

போர்க்குழாய் எங்கே இருந்தது தெரியுமா? பலகைக்கு நாலு வாழை தள்ளி!

அப்போதே சொல்லியிருக்கலாம். வேண்டாம் மாரி என்று ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை! ஆனால் வீட்டுக்காரியே வேண்டாமென்றால் மற்ற அறைகளில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேள்வி பலகைவரை வரும். என் நாக்கு அதற்குள் வேலையை முடித்துவிட்டது.

"தாராளமா குடு மாரி. நல்லா தளதளன்னு கொதிக்க வெச்சிக் குடு, ஒண்ணும் ஆவாது."

அவள் அப்படியே செய்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். நன்றாகச் சுண்டக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கரைத்துக் கொடுத்தாள்.

அந்தக் காலை பனி மூட்டமாக இருந்தது. கம்பெனிப் பேருந்துகளின் விளக்குகள் மட்டும் சாலையில் மிதந்து போயின. மாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாழைகளுக்கிடையில் வந்தாள். இரண்டு நாளாக அவனுக்கு வயிறு சரியில்லை என்றாள். நான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். உதடு ஊதா நிறத்தில் இருந்தது. எனக்கு அது என்னவென்று உறைக்கவே இல்லை. ஏதோ அரைத்தூக்கத்தில் இருந்தவளைப் போல அவன் கன்னத்தைக் கிள்ளி, "இன்னாடா ராஜா, நாவப்பயம் துன்னியா?" என்று கொஞ்சினேன்.

கொஞ்சினேன்! இதைச் சொல்லும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

மாரி அழவில்லை. "அக்கா, நகத்தப் பாருங்க" என்றாள். நகமும் அதே நிறம். குழந்தை அழக்கூட இல்லை. கண்ணைத் திறந்து வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பனியில் நாங்கள் ஊர்ந்து போனோம். மாரி, சாமிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பெயர்களுக்கு நடுவில் என் கையையும் பிடித்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். காப்பிக் கொட்டையை வறுத்த நிறத்தில் இருந்தது. பிறகு நீல நிறத்தில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். நீலத்தைப் போக்க நீலமா என்று மலைத்துப்போய் நின்றேன். குழாயில் அது இறங்க இறங்க, அவன் உதட்டில் சிவப்பு ஊறி வந்தது. மாரி அப்போதுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் கேட்டார். "என்ன தண்ணியில பால் கரைச்சீங்க?"

"போர் தண்ணி சார். நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன்."

"கொதிக்க வெச்சா கிருமிதான்மா சாகும். நைட்ரேட் இருந்தா போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். பக்கத்துல செப்டிக் டேங்க் ஏதாவது இருக்கா?"

மாரி என்னைப் பார்த்தாள். சந்தேகமே இல்லாத பார்வை. பதில் தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை.

"கீது சார். ஆனா அடி போட்டு நல்லா கட்ன தொட்டி. அது முன்ன வயலு சார். எங்க மாமனாரு காலத்துல மூட்டை மூட்டையா யூரியா போட்டாரு. அதான் எறங்கியிருக்கும்."

பார்த்தீர்களா? வகுப்பில் தூங்கியவளுக்கு இது மட்டும் எப்படி நினைவில் நின்றது! செத்துப்போனவர் தலையில் கட்டிவிட்டேன். அவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

தண்ணீரைப் பரிசோதிக்கவேண்டும், ஊராட்சியில் சொல்லுங்கள் என்றார் டாக்டர். "இந்த அக்காதான் சார் மெம்பரு" என்று மாரி அவ்வளவு ஆறுதலோடு சொன்னாள்.

பரிசோதனைக்கான பாட்டிலோடு நான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடியலில் போர்க்குழாய்வரை போனேன். வாழையிலையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சாலையைக் கடந்து, ஊருக்கு அந்தக் கோடியில் உள்ள தெருக்குழாயில் பாட்டிலை நிரப்பினேன். தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பதில் வந்தது. வராமல் என்ன!

தண்ணீரில் குறையில்லை என்றானதும் மாரியின்மேல் குறை வந்தது. கடுமையான பேதியாலும் குழந்தைக்கு இப்படி வரலாம் என்றாராம் டாக்டர். ஊரிலிருந்து வந்த மாமியாருக்கு அது போதுமே! என் வீட்டு வாசலிலேயே வைத்து ஏசினாள். "பால் பாட்டில ஒழுங்காக் கழுவத் தெரியாது, பிள்ளைய விட்டுட்டு கம்பெனிக்கு ஓடுதா! நீயெல்லாம் ஒரு தாயா?" மாரி தலை குனிந்து நின்றாள். புருஷன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "வுடுங்கம்மா, சின்னப் பொண்ணு, தெரியாம பண்ட்டுது" என்றேன். பரிந்து பேசினேனாம்!

அவளை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போக ஷேர் ஆட்டோ ஏறுமுன், மாரி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நீங்க இல்லேன்னா என் பிள்ளை இல்லக்கா."

அதற்குப்பிறகு நான் நல்லவளாகிவிட்டேன். கைக்குழந்தை இருக்கும் அறைகளுக்கு என் செலவிலேயே கேன் தண்ணீர் போடுகிறேன். தங்கமான மனசு என்கிறார்கள். கிணற்றை மட்டும் தொடவில்லை. தொட்டால் எல்லோரையும் காலி செய்யவேண்டும். ஏன் என்று சொல்லவேண்டும். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, எத்தனையோ பேரின் தொட்டியை இடிக்கச் சொன்ன இந்த வாயால், என் தொட்டியைச் சொல்லவேண்டும். அவமானம்தான் காரணம். வேறு ஒரு காரணமும் இல்லை.

பகலில் இன்னமும் பலகையில் படுக்கிறேன். கண் செருகும்போது பலகை மெல்லக் கரைந்து, நான் கீழே இறங்கிக்கொண்டே போகிறேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. பச்சை, அப்புறம் ஊதா, அப்புறம் நீலம்... அடி வரவே இல்லை. யாரோ மேலேயிருந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நிற்கிறதா, நிற்கிறதா என்று கேட்கிறார்கள். விழித்துக்கொள்கிறேன். வாழையிலைக்கு நடுவே வானம் தெரிகிறது.

நேற்று மாரி போன் செய்தாள். மறுபடி உண்டாகியிருக்கிறாளாம். கவின் ஓடியாடித் திரிகிறானாம். புருஷனுக்கு இங்கேயே வேலை நிரந்தரமாகிவிட்டதாம்.

"இந்தத் தடவை பாட்டிலெல்லாம் நல்லா சுடுதண்ணில போட்டு எடுத்துருவேன்க்கா. போன தடவை நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். ஏங்க்கா, நம்ம பழைய ரூம் காலியா இருக்கா?"

அறை காலியாகத்தான் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

"இல்ல மாரி, ஆள் வந்துட்டாங்கோ."

என் வாழ்க்கையில் அவளுக்காகச் சொன்ன ஒரே நல்ல பொய் என்று மனசு ஒரு நொடி லேசானது. ஒரே நொடி!

"பரவாயில்லக்கா. அப்ப பக்கத்து லைன்ல எங்கிட்டாவது பாத்துக் குடுங்க. நீங்க குடம் ஊத்திப் பாத்த தொட்டின்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்லக்கா."

பக்கத்து வரிசையில் அறை இருக்கிறது. அந்தத் தொட்டியில் நானே இறங்கினேன். ஊற்றிய தண்ணீர் அசையாமல் நின்றது. நேர்மையான தொட்டி. ஆனால் அவர்கள் போர்க்குழாயும் என் மதிலை ஒட்டித்தான் இருக்கிறது. மதில் மண்ணுக்குமேல்தானே! மண்ணுக்குள் ஊறுவதை அது தடுக்குமா?

பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அடுத்த வாரம் வருகிறாள்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.