பாலத்தின் மேல் ஓர் ஆறு

போன வெள்ளிக்கிழமை நானும் என் மனைவி வேலம்மாளும் பெரியகுளத்திலிருந்து கரி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். மடியில் மாம்பழக் கூடை. எங்கள் ஊர் முல்லையாற்றுப் பாலத்தில் ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. யுத்தம் வந்து பெட்ரோல் போய், கரியில் ஓட ஆரம்பித்த பிறகு பஸ் நிற்பதெல்லாம் ஒரு செய்தியா? ஆனால் இந்தத் தடவை குற்றம் பஸ்ஸின் மேல் இல்லை.

எங்கள் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ரோடு ஓவர்சியர், இளவயசுக்காரர், நடுப்பாலத்தில் ஆள் வைத்து மணலை அள்ளிக்கொண்டிருந்தார். சரியான கோபம்.

"முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பாலத்துல மணலைக் கொட்டுறது யாருய்யா?"

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் பணிவாகச் சொன்னார். "கல்யாணப் பொண்ணு மணல்ல நடந்துதான் வரணும் சார். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்."

"பாலத்துக்கே இன்னும் இருபது வயசு ஆகலையேய்யா!"

வேலம்மாள் என் விலாவில் இடித்தாள். நான் ஒரு மாம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். ஏன் தெரியுமா? அந்தப் பாட்டனும் பூட்டனும்... நாங்கள்தான்!

இந்தப் பாலம் பிறக்கும்போதே பழியோடு பிறந்தது. முதலில் கட்ட வந்தவர் ஆற்றைச் சித்திரையில் அளந்தார். சித்திரையில் எங்கள் ஆறு பெட்டிப்பாம்பு. ஆனியில் பெரியாற்று அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் — இரண்டு தூண் போயே போச்சு. "பாலம் காவு கேக்குது!" என்றது ஊர். தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினார்கள்.

மறுபடி கட்டினார்கள். தூண் நின்றது, பழி நிற்கவில்லை. முதன்முதலாக அதன் மேல் கல்யாண வண்டியில் பெண்ணை அழைத்து வந்த மாப்பிள்ளை ஒரே மாதத்தில் குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் பள்ளத்தாக்கு முழுக்க அதே காய்ச்சல்தான். கொசுவை யார் திட்டுவார்கள்? பாலத்தைத் திட்டினார்கள். அதிலிருந்து யாரும் அதில் நடந்து சந்தைக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம்... கல்யாணப் பெண் மட்டும் ஆற்றுக்குள் இறங்கி, மணலில் நடந்து, கால் நனைத்துத்தான் கரையேற வேண்டும்.

எங்கள் கல்யாணமும் ஓர் ஆனி மாதம்தான். பெண் அக்கரை, பந்தல் இக்கரை. விடிந்து பார்த்தால் — ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது! யானை இறங்கினாலும் அடித்துக்கொண்டு போய்விடும்.

என் அம்மா பாலத்தில் விறுவிறுவென்று நடந்து அக்கரைக்குப் போனாள். போய்ச் சொன்னது என்ன? "பாலத்துல நடந்தா ஆகாது! எனக்கு ஒத்தப் பிள்ளை. தண்ணி வத்தட்டும், கல்யாணத்தைத் தள்ளி வைப்போம்."

வேலம்மாளின் அப்பா குதித்துவிட்டார். "பொண்ணைப் பாதி வழியில நிறுத்துனா எங்க மானம் என்ன ஆகுறது? ஏலே, வண்டியைத் திருப்புங்கலே! இந்தச் சம்பந்தமே வேணாம்!"

இதெல்லாம் வேலம்மாள் பிற்பாடு சொன்னது. பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாலையும் கழுத்துமாக இக்கரையில் நின்ற எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — வண்டிகள் திரும்புகின்றன. பெண் பார்க்கப் போன அன்றே மனசைப் பறிகொடுத்தவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கல்யாணப் பெண் வண்டியிலிருந்து குதித்தாள்.

"அத்தை, நான் மணல்ல நடக்கணும், ஆத்துத் தண்ணியில கால் நனையணும். அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான் ஆத்தா. ஆனா ஆத்துல எங்கன இறங்குவ?"

"நான் எதுக்கு இறங்கணும்? ஆத்தை மேல கொண்டு வருவோம்!"

சீர்ப் பாத்திரங்கள் இறங்கின. குடம், அண்டா, தாம்பாளம் — ஒன்றும் தப்பவில்லை. கரை மேட்டு மணலை அள்ளிப் பாலம் நெடுகக் கொட்டினார்கள். ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து அதன் மேல் ஊற்றினார்கள். வேலம்மாள் அதில் நடந்து வந்தாள்.

நடுப்பாலத்தில் அம்மா மறித்தாள். "கணுக்கால்கூட நனையலையே?"

வேலம்மாள் பக்கத்தில் நின்றவள் கையிலிருந்த குடத்தை வாங்கி முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். பட்டுச்சேலை சொட்டச் சொட்ட, "இப்ப சரியா அத்தை?" என்றாள்.

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வா ஆத்தா, வா. அங்கன பெரியவுக எல்லாம் காத்திருக்காக."

முகூர்த்தம் தவறவில்லை. எனக்கு இன்றுவரை குளிர்காய்ச்சலும் வரவில்லை! இதைப் பார்த்து அடுத்த கல்யாண வீட்டார் மணல் கொட்டினார்கள். அப்புறம் ஊரே கொட்டியது... ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதத்திலும். ஒருத்தி அவசரத்துக்குச் செய்தது பதினைந்தே வருஷத்தில் பூட்டன் காலத்துக்குப் போய்விட்டது, பாருங்கள்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். வேலம்மாள் இறங்கி நேரே ஓவர்சியரிடம் போனாள். போச்சு, உண்மையைப் போட்டு உடைக்கப் போகிறாள் என்று நான் நடுங்கினேன்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

அவர் திகைத்தார். "ஆவணியில வச்சிருக்காக. இங்கன, நம்ம வீட்டுலதான்."

"பொண்ணு எந்த ஊரு?"

"பெரியகுளம்."

"ஓ... அக்கரையா?" என்றாள் வேலம்மாள். அவ்வளவுதான் கேட்டாள். வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஓவர்சியர் ஆற்றைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். பிறகு மணல் அள்ளுகிறவரிடம் குரலைத் தணித்துச் சொன்னார்:

"அதை ஆத்துல கொட்டிராதய்யா. ஓரமா குமிச்சு வை."