தங்கவேலின் காதும் சத்தமில்லாத டிஸ்க்கும்

நான் பாடம் படித்துப் பதிவு செய்யும் நேரத்தில் அறைக் கதவை யாரும் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். போன செவ்வாய்க்கிழமை காலை என் மகள் மல்லிகா அந்தக் கதவைத் திறந்தாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது. திட்டத்தான் திரும்பினேன்.

"அப்பா, சேலத்துத் தங்கவேல் மாமா போயிட்டாராமுங்க. கடைப் பையன் போன் பண்ணுனான். நெஞ்சு வலியாம்."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனாள். மைக்கை நிறுத்தும் நினைவு எனக்கு வரவே இல்லை.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்த தங்கவேலை உங்களில் பலருக்குத் தெரியும். அவரைப் பற்றி என்னால் பரவிய ஒரு பொய்யும் உங்களில் சிலருக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வண்டிகளின் மேல் பெயிண்டால் எழுத்து எழுதிப் பிழைத்தவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மல்லிகாவுக்குக் கல்லூரியில் படிக்கும்போதே கண் பார்வை முழுதாகப் போனது. ஆசிரியர் தேர்வு எழுதியே தீருவேன் என்று அவள் உட்கார்ந்தபோது, வரலாற்றுப் புத்தகங்களை நான் படித்துப் பதிவு செய்து தருவது என்று முடிவானது. பட்டறை ஒன்றின் வரைபட அறையை மூடியபோது தூக்கிப் போட இருந்த பெரிய கம்ப்யூட்டர் பெட்டியையும் ஒலிப்பதிவு அட்டையையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். யாரும் சொல்லித் தராமல், மூன்று மாதம் முட்டி மோதி அதைக் கற்றுக்கொண்டேன். செல்போனிலேயே பதியலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நான் கற்றதை விட்டுவிட்டு அவர்களுக்குத் தெரிந்ததை நான் ஏன் செய்ய வேண்டும்?

முதல் பாடத்தைக் கேட்டுவிட்டு மல்லிகா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "அப்பா, உங்க குரலுக்குப் பின்னால ஒரு வண்டு பறக்குதுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல கேட்டா மண்டை வலிக்குது."

பெட்டிக்குள் பதிவைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்தான் வண்டு. பழைய டிஸ்க்குகளில் சுழலும் தட்டு இரும்புக் குண்டு பேரிங்கின் மேல் ஓடும். குண்டு தேயத் தேயக் கீச்சென்று கத்தும். பின்னால் வந்த சிலவற்றில் தட்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் ஓடும்; அவை கத்தாது. ஆனால் என் பெட்டியில் பொருந்தும் வகையில் அப்படிப்பட்டவை கொஞ்சம்தான் வந்தன. எதுவுமே சுழலாத புது டிஸ்க்குகளை இரண்டு முறை வாங்கி மாட்டினேன். பெட்டி அவற்றை ஏற்கவில்லை. ஈரோடு, கரூர், சேலம் என்று கடை கடையாக ஏறினேன். "பெருசு, பெட்டிய எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள். ஒரு கடையில் என் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். அந்தக் கடையின் படியை அதற்குப் பிறகு நான் மிதிக்கவில்லை.

தங்கவேல் சிரிக்கவில்லை. "டிஸ்க்குல எவ்வளவு புடிக்கும்னு கேப்பாங்க. எவ்வளவு கத்தும்னு கேட்டது நீங்க ஒருத்தருதானுங்கண்ணா" என்றார். அவர் முன்பு திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளில் மெக்கானிக். கம்ப்ரஸர் இரைச்சல் அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. "பாதிச் செவிடன்கிட்ட வந்து சத்தமில்லாத டிஸ்க்கு கேக்கறீங்க. உங்க தைரியத்தைப் பாராட்டோணும்" என்றும் சொன்னார்.

அவர் வேலை செய்யும் விதம் வேறு எங்கும் நான் பார்க்காதது. காகிதக் கூழில் செய்த முட்டை அட்டை ஒன்றை மேசையில் போடுவார். மேசை அதிராமல் இருக்க டிஸ்க்கை அதன் மேல் வைத்து ஓடவிடுவார். நீளமான திருப்புளியின் நுனியை டிஸ்க்கின் மேல் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்துக் கேட்பார். லாரி மெக்கானிக்குகள் இன்ஜின் பேரிங்கைக் கேட்பார்களே, அதே மாதிரி. இப்படி இரண்டு நாள் விட்டு விட்டுக் கேட்காமல் எந்த டிஸ்க்கையும் கையில் கொடுக்க மாட்டார். எனக்காக அவர் தேடி வைத்த மூன்றை அவரே தள்ளிவிட்டார். நாலாவதை நான் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

"உங்க காது எதுக்குங்க? கேக்கப் போறவங்களக் கூட்டிட்டு வாங்க."

மல்லிகாவைக் கூட்டிப் போனேன். கடையில் இருந்தவர்களின் பேச்சை நிறுத்தச் சொன்னார், மின்விசிறியை அணைத்தார், திருப்புளியை அவள் கையில் கொடுத்தார். "சொல்லு சாமி, கத்துதா?" அவள் கேட்டாள், கத்துகிறது என்று தலையை ஆட்டினாள். அடுத்ததை வைத்தார். அவள் வெகுநேரம் காதைக் கொடுத்திருந்துவிட்டு, "மாமா, இது ஓடுதுங்களா?" என்றாள். தங்கவேல் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

டிஸ்க்கைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சுத்தி நாலு வெரக்கடைக்குக் காத்து போக எடம் வேணுமுங்க. துணி, அட்டை எதையும் போட்டு மூடிறாதீங்க."

நான் மூடினேன்.

டிஸ்க் அடங்கியதும் பெட்டியின் காற்றாடிச் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. மல்லிகா குறை சொல்லவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை அட்டைகள் வாங்கி வந்து, வெட்டி, பெட்டியின் உட்புறம் முழுக்க ஒட்டினேன். டிஸ்க்கைச் சுற்றியும் திணித்தேன். தங்கவேலே முட்டை அட்டையில்தானே வைக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கீழே மட்டும் வைத்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

சித்திரை வெயிலில், தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, டிஸ்க் நின்றது. எட்டுப் புத்தகங்கள் அதில் இருந்தன. வேறு பிரதி கிடையாது. மறுபடி படித்துப் பதிய ஒரு வருடம் ஆகும். தேர்வு எனக்காகக் காத்திருக்காது. மல்லிகா அழவில்லை. "எவ்வளவுங்கப்பா போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே சேலத்துக்குப் போனேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் பேசியதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "செவிட்டுக் காதை வெச்சுக்கிட்டு ஊரை ஏமாத்தறயா? கண்ணு தெரியாத புள்ளையோட பொழப்புல மண்ணப் போட்டுட்டயே!" என்று கத்தினேன். இன்னும் கேவலமாகவும் சொன்னேன்.

தங்கவேல் டிஸ்க்கை வாங்கினார். திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். திருகு ஓட்டையில் இருந்து எதையோ நகத்தால் நோண்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, "எம்மேலதானுங்க தப்பு. சரியாச் சோதிக்கல. உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். டிஸ்க்கை ஆறவைத்து ஓடவிட்டார். அது சுழன்றது. பாடங்கள் ஒவ்வொன்றாக வேறு டிஸ்க்குக்கு நகர ஆரம்பித்தன. திருப்புளி அவர் காதை விட்டு எடுபடவில்லை. சில நிமிடம்தான், கையைத் தூக்கினார், பையன் மின்சாரத்தைத் துண்டித்தான். "சூடேறுது. இதுக்கு மேல ஓட்டுனா படிக்கிற முள்ளு தட்டைச் சுரண்டிப் போடும்" என்றார். ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. ஒரு முறை நடுப் பாடத்தில் அவர் கை உயர்ந்தபோது, "இன்னும் கொஞ்சம் விடுங்களேன்!" என்று எழுந்துவிட்டேன். "உக்காருங்கண்ணா" என்றார். குரல் உயரவில்லை. முகத்தில் மட்டும் வியர்வை.

மூன்று பகல் இப்படிப் போயிற்று. கடைக்கு வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் மதியம் டிஸ்க் ஒரு தடவை 'டிக்' என்றது. அது எனக்கே கேட்டது. அத்தோடு அது எழவில்லை. கடைசிப் புத்தகத்தில் ஒரே ஒரு பாடம் போயிற்று. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

ஒருமுறைக்கு இருமுறை கேட்டுப் பார்த்த இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். அப்போது கடையில் வேறு ஆள் இல்லை. சட்டைப் பையில் இருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கருகிய காகிதக் கூழ் ஒரு துணுக்கு. அதில் ஒட்டிய சின்னக் கோழி இறகு.

"இது உங்கூட்டு அட்டைங்கண்ணா. ஆளுங்க இருந்தாங்க, அதான் சொல்லலை."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா ரோசம் வந்து டிஸ்க்கத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பீங்க. அப்புறம் அந்தப் புள்ளைக்கு யாரு பாடத்தை எடுத்துக் குடுக்கறது?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது, "பஸ்சுக்கு நேரமாச்சு."

மல்லிகா தேர்வில் தேறினாள். இப்போது ஆசிரியை. நான் பார்வையில்லாத அவளுடைய தோழிகள் இருவருக்காகப் படிக்கிறேன். அன்று கடையில் இருந்த நாலு பேர் சும்மா இருக்கவில்லை. தங்கவேல் ஓட்டை டிஸ்க் விற்றார், அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார் என்ற பேச்சு நாமக்கல் வரை வந்தது. என்னிடமே சிலர் விசாரித்தார்கள். நான் மறுக்கவில்லை. மூன்று வருடம் மறுக்கவில்லை. அவர் கடைக்கு வருவோர் குறைந்ததை நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பழியை அவர் எடுத்துக்கொண்டது சரி என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது.

துக்கத்துக்குப் போனேன். அந்த நாலு பேரில் ஒருவர், லாரி புக்கிங் ஆபீஸ்காரர், பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல மனுசனுங்க. என்ன, டிஸ்க்குல மட்டும் கொஞ்சம் ஏமாத்திருவாரு. உங்களுக்கே நடந்துச்சுங்களே" என்றார். தங்கவேலின் மனைவி கேட்கும் தூரத்தில் இருந்தார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது முறை.

வாயில் வராததை எழுதத்தான் எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதுதான் என் தொழில். எனவே எழுதுகிறேன். தங்கவேல் எனக்குக் கொடுத்த டிஸ்க் நல்ல டிஸ்க். அதைக் கெடுத்தவன் நான். இந்தப் பக்கத்தை அவர் மனைவியிடம் நானே கொண்டுபோய், உரக்கப் படித்துக் காட்டப் போகிறேன். புக்கிங் ஆபீஸ்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை, கருகிய அந்தத் துணுக்கும், பெட்டியில் இன்றும் ஓடும் இரண்டாவது டிஸ்க்கும். அதில் செவ்வாய்க்கிழமைப் பதிவு இருக்கிறது. அழிக்கப் போனேன், மல்லிகா விடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டாள். என் வாசிப்பு, கதவு திறக்கும் ஓசை, அவள் குரல், பிறகு நான் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம். அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தி என்னை அசையாமல் இருக்கச் சொன்னாள்.

"வண்டு இல்லீங்கப்பா" என்றாள். "ஒண்ணுமே இல்லை. சுத்தமா இருக்குது."