மூத்தவளின் விடுப்புக் கடிதம்

பேருந்துப் பணிமனையில் அவளை டூட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது பெரியவர்களுக்கும் அவள் அக்காதான். நூற்றுப் பத்து ஓட்டுநர்கள், கிட்டத்தட்ட அதே அளவு நடத்துநர்கள். நாளைக்கு யார் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் எழுதுவது அவள் வேலை. கணினி வந்து ஆறு வருடம் ஆகிறது. அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று அவள் இன்னும் பென்சிலால்தான் முதலில் எழுதுவாள்.

அவளிடம் விடுப்பு வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று வந்து நிற்பவரிடம், போன மாதமும் இதே மாமியார்தானா என்று கேட்பாள். பழைய பட்டியலை எடுத்து, அந்த ஆள் கடைசியாக எப்போது ஓய்வு எடுத்தார் என்று எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். ஆனால் ஒரு விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருத்தரையும் இடைவெளி இல்லாமல் ஓட்ட விட மாட்டாள். மாற்று ஆள் வரவில்லையென்றால் வண்டி போகாது. மேலாளரே வந்து நின்றாலும் போகாது.

இப்படிப்பட்டவள் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தால் சும்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாளா?

மூன்று வருடமாகத் தள்ளிப்போன பயணம் அது. முதல் வருடம் பாப்பா கைக்குழந்தை. அடுத்த வருடம் நடுவில் உள்ளவனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். போன வருடம் கிளம்புகிற அன்றைக்குப் பணிமனையில் வேலை நிறுத்தம். இந்த வருடம் வானமே இடிந்து விழுந்தாலும் சனிக்கிழமை போயே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

ஆனால் நாலு பிள்ளைகளும் நாலு திசை. மூத்தவளுக்குப் பதினான்கு வயது. நடுவில் உள்ளவனுக்குப் பத்து. கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து பிறந்த பாப்பாவுக்கு மூன்று. போதாததற்கு அவள் தம்பியின் மகன், ஏழு வயது, வண்டி ஒரு வளைவு திரும்பினால் போதும், காலையில் சாப்பிட்டதைக் கணக்காகத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அவனுக்கென்றே பன்னிரண்டு பாலிதீன் பைகள் எடுத்து வைத்தாள். ரோலர் கோஸ்டரில் ஏற நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நடுவில் உள்ளவன் நூற்று முப்பத்தெட்டு. ஒரு வாரமாக அவன் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தினம் தன்னை அளந்துகொண்டிருந்தான். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு நின்றவனிடம், அங்கே சாக்ஸைக் கழற்றச் சொல்லுவார்கள் என்று அவள் சொன்னதும், முடியை மேலே தூக்கி வாரினால் ஆகாதா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அட்டவணை போட்டாள். பணிமனையில் போடுவது போலவே இடது பக்கம் பார்த்துக்கொள்பவர்கள், வலது பக்கம் சவாரி போகிறவர்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு கட்டம். யார் எந்த வரிசையில் நிற்பது, யார் எப்போது யாரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, எந்த மரத்தடியில் சாப்பாடு என்று ஒன்றையும் விடவில்லை. வேலை முடிந்ததும் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் ரசித்தாள். தன் கையெழுத்தை ரசிப்பதில் அவளுக்கு எப்போதும் வெட்கம் கிடையாது.

மூத்தவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அட்டவணையைப் படித்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. பணிமனை ஆட்கள் எழுதுகிற அதே தோரணையில், அழகான கையெழுத்தில்:

“பெறுநர்: டூட்டி அக்கா. பொருள்: ஒரு நாள் விடுப்பு. வரும் சனிக்கிழமை எனக்கு விடுப்பு வேண்டும். நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். காரணம்: மூன்று வருடமாக எடுக்கவில்லை. இப்படிக்கு, மூத்தவள்.”

அதைப் படித்த டூட்டி அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யாருக்காக இந்தப் பாடு படுகிறோம், இந்த வயதில் இவ்வளவு கொழுப்பா என்று பொரிந்து தள்ளினாள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மூத்தவள் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள். கணவன் மட்டும் இருந்தான். அவன் ஒரு பல் மருத்துவருக்குப் பல் செட் செய்து கொடுப்பவன். நாள் முழுக்கப் பேசாத வாய்களோடு பழகியதாலோ என்னவோ, அவனும் பேசமாட்டான். கடிதத்தைப் படித்தான், மனைவியைப் பார்த்தான், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு அவளும் வேலைக்குப் போனாள். அன்றைக்கு விடுப்பு கேட்டு வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்து, மேசையில் கிடந்த விடுப்புக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள், மகளுடையதையும் எடுத்து அவற்றோடு வைத்தாள். வைத்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. கேட்டவர் கடைசியாக எப்போது ஓய்வு எடுத்தார் என்று பார்க்காமல் அவளால் எந்தக் கடிதத்தையும் தள்ளி வைக்க முடியாது. மகளுக்கென்று பழைய பட்டியல் ஏது? கைப்பேசியைத் திறந்து படங்களைப் பார்த்தாள்.

போன வருடம் மிருகக்காட்சிச்சாலை. ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் பையன்கள் பல்லைக் காட்டுகிறார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது, பால் புட்டியோடு. அது மூத்தவளின் கை. கடற்கரைப் படத்தில் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். மூத்தவள் தூரத்தில் மணலில், குடைக்குக் கீழே, மடியில் தூங்குகிற பாப்பாவோடு. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், பையனின் பிறந்த நாள், தம்பி புது வண்டி வாங்கிய அன்று எடுத்தது. எதிலும் அந்தப் பெண் தனியாக இல்லை. பாப்பா பிறந்து ஐந்தாவது மாதம் இவள் வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்கு இடுப்பில் ஏறிய குழந்தை இன்னும் இறங்கவில்லை.

தனக்கென்று நகல் எடுத்துக் கைப்பையில் வைத்திருந்த தீம் பார்க் அட்டவணையை எடுத்து விரித்தாள். இடது பக்கம் நாலு பேர். அவள், கணவன், தம்பி, மூத்தவள். ஒன்பதிலிருந்து ஆறு வரை பதினெட்டுக் கட்டங்களிலும் மூத்தவளுக்கு நேராகப் ‘பாப்பா’ என்று இருந்தது. ஒன்பது மணி நேரம். மாற்று ஆள் இல்லை. வலது பக்கம் மூத்தவள் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. நடுவில் உள்ளவன் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்த தாய்க்கு, மூத்தவள் எத்தனை என்று தெரியாது. அளக்கவே இல்லை.

இதே டூட்டியை ஒரு ஓட்டுநருக்குப் போட்டிருந்தால் சங்கத்துக்காரர்கள் வாசலில் கொடி பிடித்திருப்பார்கள். முதல் ஆளாக அவளே தாளைக் கிழித்திருப்பாள். யோசிக்காமல், கை தடுக்காமல், தன் பெண்ணைப் பெரியவர்கள் வரிசையில் எழுதியிருக்கிறாள் என்பது சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது. எதிர் மேசைக்காரர் என்ன அக்கா என்று கேட்டதற்கு, கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மூத்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாப்பா அவள் முதுகில் சாய்ந்துகொண்டு பொம்மைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. இவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“லீவு கொடுத்தாச்சு,” என்றாள்.

மூத்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “சரி. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்.”

“வீட்டுல இருக்க இல்ல. வர்றதுக்குத்தான் லீவு. அன்னிக்கு நீ பாப்பாவைத் தூக்கக் கூடாது, ஊட்டக் கூடாது. நீ சும்மா வரணும்.”

“அவ விடமாட்டாம்மா. என் கையால தந்தாத்தான் சாப்பிடுவா. நான் நகர்ந்தா கத்துவா. அப்புறம் எல்லாரும் என்னையே பாப்பீங்க. அதுக்கு நான் வராமலே இருக்கலாம்.”

“இத்தனை நாளா ஏண்டி சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையே.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். தாய், சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அந்த ஐந்து நாளும் வீடு இரண்டு பட்டது. பாப்பாவுக்கு இனி அப்பாதான் ஊட்ட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. கண்ணை மூடிக்கொண்டு முப்பத்திரண்டு பல்லையும் வரிசைப்படுத்துகிற மனிதன், இருபது பல் இருக்கிற ஒரு வாயைத் திறக்க முடியாமல் கரண்டியோடு திண்டாடினான். முதல் நாள் பாப்பா அவன் சட்டையெல்லாம் துப்பியது. இரண்டாம் நாள் பட்டினி கிடந்து பார்த்தது. மூத்தவள் அறையிலிருந்து ஓடி வந்தபோது தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பசித்தால் சாப்பிடும், நீ உன் வேலையைப் பார் என்றாள். கல் நெஞ்சக்காரி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. மூன்றாம் நாள் பாதித் தட்டு காலியானது. கணவன் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவன் மாதிரி அந்தத் தட்டை எல்லோருக்கும் காட்டினான்.

தம்பி தொலைபேசியில் அலுத்துக்கொண்டான். மூத்தவள்தான் வழக்கமாகப் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறாளே, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றான். அன்றைக்கு உன் பையனின் வாந்திப் பையை நீயே பிடி, அப்போது தெரியும் என்று அவள் வைத்துவிட்டாள்.

புது அட்டவணையில் முதலில் மூத்தவளுக்கு நேராகத்தான் எழுதினாள், அதுவும் வலது பக்கத்தில். என்ன ஏற ஆசை என்று கேட்டு எழுதினாள். ரோலர் கோஸ்டர் என்று சொன்ன பெண், உடனே, இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பார்களாம், பக்கத்தில் யார் உட்காருவது என்று கேட்டாள். அப்பாவுக்கு மொட்டை மாடிக்குப் போனாலே தலை சுற்றும். மாமாவுக்கு முதுகு வலி. தாயானவளோ ராட்டினத்தில்கூட இதுவரை ஏறியதில்லை. இருந்தாலும் தன் பெயரை அழுத்தி எழுதினாள்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. அட்டவணையில் பாதி, பத்து மணிக்குள் நாசமாய்ப் போயிற்று. தம்பி மகன் வாகன நிறுத்தம் வந்து சேர்வதற்குள்ளேயே மூன்று பைகளைக் காலி செய்திருந்தான். நடுவில் உள்ளவன் அளவுக் கம்பத்துக்குக் கீழே மூச்சை இழுத்துப் பிடித்து நின்று, இரண்டு சென்டிமீட்டரில் தோற்று, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மோதும் கார்களுக்குப் போனான். ஆனால் பதினொன்றரைக் கட்டத்தை மட்டும் அவள் விடவில்லை. மகளை இழுத்துக்கொண்டு ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றாள்.

வரிசை ஊர்ந்தது. மூத்தவள் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, இடது கையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் யாரும் இல்லை. அது அவளுக்கே தெரியவில்லை. தாய் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக நீட்டிவிட்டாள்.

இருக்கையில் உட்காரும்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா என்ற அலறல் வந்தது. பாப்பா அப்பாவின் தோளிலிருந்து முழு உடம்பையும் வெளியே எறிந்துகொண்டு கத்தியது. அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் த்சொ த்சொ என்றாள். மூத்தவளின் ஒரு கால் ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

“உள்ள வை,” என்றாள் தாய்.

“அம்மா, அவ அழறா.”

“அழட்டும். அவளைப் பெத்தவரு பக்கத்துல இருக்காரு. நீ உக்காரு.”

மகளின் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள். கால் உள்ளே வந்தது. ஒரு பணியாளர் நடந்து வந்து இருவருக்கும் முன்னால் இரும்புத் தண்டை இறக்கி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

மூத்தவள் அந்தத் தண்டைத் தானும் ஒரு முறை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“இனிமே நான் நெனச்சாலும் எறங்க முடியாதுல்லம்மா?”

“முடியாது.”

மூத்தவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி இன்னும் நகரக்கூட இல்லை, அதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.