பாம்புக் கிண்ணத்தில் பால் வைத்தது யார்?

ஈரமான தென்னைநார்த் தூளின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் குத்துக்கல்வலசை வீட்டு மாடி அறைதான் ஞாபகம் வரும்... கண்ணாடித் தொட்டிக்குள் அந்தத் தூளில் பாதி புதைந்தபடி ஒரு மலைப்பாம்பு கிடக்கும்.

பயப்படாதீர்கள். ஆப்பிரிக்காவில் உள்ள குட்டை ரகம், விஷம் கிடையாது. பெங்களூரில் கூட வேலை பார்த்த தோழி வெளிநாடு போகும்போது முறையான பேப்பர்களோடு என்னிடம் கொடுத்தாள். வொர்க் ஃப்ரம் ஹோம் என்று நான் ஊருக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

அப்பா ரிட்டயர்டு ஏட்டு. அதன் உடம்பில் இருந்த திட்டுகளைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, இது கண்ணாடி விரியம்லா? ஒன்னைய எவளோ நல்லா ஏமாத்திட்டா."

அன்றிலிருந்து மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குத் திக்கென்று இருக்கும்.

புது இடத்துக்கு வந்த பாம்பைச் சில நாள் தொடவே கூடாது. தொட்டால் மிரண்டு சாப்பிடாது. நானும் தொடவில்லை. ஐஸில் வைத்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் வாலைப் பிடித்து நீட்டுவேன். திரும்பிக்கூடப் பார்க்காது. வாரக்கணக்கில் இப்படியே... முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. செத்துப்போய்விடுமோ என்ற பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். தொட்டியின் கொக்கி நான் மாட்டிய மாதிரி இல்லை. தண்ணீர்க் கிண்ணம் லேசாக வெளுத்திருந்தது. மோந்து பார்த்தால் பால்!

பாம்புக்குப் பால் ஆகவே ஆகாது. அப்பாதான் அதைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அம்மாவிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மேலும் சந்தேகம்.

ஒரு மத்தியானம் மீட்டிங் என்று சொல்லிக் கீழ் அறைக்கதவைச் சாத்திவிட்டு, சத்தமில்லாமல் மாடி ஏறினேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விரியன் என்று அவர் சொன்ன அதே பாம்பு அவர் முன்கையில் சுற்றியிருந்தது. இன்னொரு கையில் மருந்து ஃபில்லர் நிறையப் பால்.

"குடிலே... புத்துல வச்சா எல்லாம் குடிக்கும்லா, ஒனக்கு மட்டும் என்ன? நீ பட்டினி கெடக்கேன்னு எம்புள்ளையும்லா திங்க மாட்டேங்கா."

என்னைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டார். "ஐஸு வச்ச எலிய எவம் திம்பான்? பழைய மீன நீ திம்பியாட்டி?"

தினமும் இதுதான் நடந்திருக்கிறது. அவர் கை படப் பட அது இன்னும் மிரண்டிருக்கிறது. தொட்டால் சாப்பிடாது, பாலும் ஆகாது என்று சொன்னதும் வெலவெலத்துப்போனார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மாடி அறையைப் பூட்டி, சாவியை அவரே என்னிடம் தந்தார். சாரல் பெய்த ஒரு சாயங்காலம், படக்கென்று எலியைக் கவ்வியது. கதவிடுக்கில் நின்ற அப்பா, "தின்னுட்டுட்டி!" என்று குரலை அடக்கிக்கொண்டு கத்தினார்.

இப்போது நான் மறுபடி பெங்களூரில், தனியாக. பாம்பு அப்பாவோடு, கொழுகொழுவென்று. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. சந்தேகமெல்லாம் என் மேல்தான். தினமும் வீடியோ கால்... "சாப்ட்டியாட்டி? தட்டக் காட்டு."

நேற்று அலுப்பில் ஒன்றும் சமைக்கவில்லை. காலித் தட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனுக்குள் வந்துவிடுகிற மாதிரி உற்றுப் பார்த்தார்.

"கழுவுன தட்டுல்லா இது."