வெடிக்காரரும் கூழைக்கடாக்களும்

கழிமுகத்தை ஒட்டிய இறால் பண்ணையில் அவருக்கு ஒரே வேலை, பறவை விரட்டுவது. கொக்கோ நாரையோ குளத்தில் இறங்கினால் தகர டப்பாவைத் தட்டுவார். அதற்கும் மசியாத கூழைக்கடாக்களுக்குச் சரவெடி. ஊரே அவரை வெடிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. வலது காது பாதி மந்தமானதைப் பண்ணை கொடுத்த போனஸ் என்பார்.

இறாலுக்கு நோய் வந்து பண்ணை படுத்துவிட்டது. முதலாளி கைகழுவிவிட்டுப் போனார். கரைகள் உடைந்து கடல்நீர் ஏறியது, சேறு படிந்தது, மீன் பெருகியது. பறவைகளுக்குக் கேட்கவா வேண்டும்? சில வருஷத்தில் அந்த இடம் சரணாலயம் ஆனது. மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த ஆள் என்று வெடிக்காரரையே காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காக்கிச் சட்டையோடு கரையில் கால் வைத்தார். கூழைக்கடாக்கள் மொத்தமும் எழுந்து கடல் பக்கம் போய்விட்டன. பைனாகுலரோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க பண்ணீங்க?" என்றார் வனத்துறை அதிகாரி.

"ஒண்ணும் பண்ணலை சார். நடந்தேன்."

மறுநாளும் அதே கதை. மற்றவர்கள் போனால் அசையாதவை, இவர் தலையைக் கண்டால் பறந்தன. மனைவி தன் தம்பியின் சட்டையையும் தொப்பியையும் அவருக்கு மாட்டிவிட்டு, கூடவே போய்ப் பார்த்தாள். பறவைகள் ஏமாறவில்லை.

"செஞ்ச பாவம் தேடி வரும்னு சொல்வாங்க. உங்களுக்கு மட்டும் பறந்து போகுது" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் அதிகாரி அவரை வாசலில் டிக்கெட் கிழிக்க உட்காரவைத்தார். கரையைச் சுற்றிவரும் வேலை மனைவிக்குப் போனது. அவளைக் கண்டு எந்தப் பறவையும் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. டிக்கெட் அறை ஜன்னலிலிருந்து வண்டி நிறுத்தும் இடம்தான் தெரியும். "இன்னைக்குப் பறவை நிறைய இருக்கா?" என்று கேட்பவர்களிடம், "உள்ள போயிட்டு வர்றவங்களைக் கேளுங்க" என்பார்.

வீட்டில் சாப்பிடும்போது அவள் அன்று கண்டதைச் சொல்வாள். ஒருநாள், திட்டிலிருக்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கின்றன என்றாள்.

தட்டில் அவர் கை நின்றது. "முட்டை இருக்கா?"

"இருக்கு. நாளைக்குக் கூட்டம் இருக்காது. வாங்க, தூரத்துலேருந்தே காட்டறேன்."

"வேண்டாம். நான் வந்தா தாய் எழுந்துடும். அடிக்கிற வெயில்ல முட்டை வெந்துபோயிடும்."

அவள் வற்புறுத்தவில்லை.

குஞ்சு பொரித்ததும் அதிகாரியின் கேமராவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அசிங்கமா இருக்கே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

ஓய்வு பெறும்வரை அவர் கரைப் பக்கம் போகவில்லை. மனைவிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவளுக்கு மதியச் சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்.