மாமியார் பேரில் ஒரு தட்டைப்புழு

அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் 'புழு மேடம்' என்றால்தான் அவளைத் தெரியும். உள்ளான், கொக்கு என்று சேற்றில் நடந்து இரை தேடும் பறவைகள் செத்துக் கிடந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அவள் பையை விரிப்பாள். குடலை அலசி, உள்ளே ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்களை எடுத்துச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன இனம் என்று பிரிப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் மாமியார் அடுப்படி வாசலிலேயே மறிப்பார். "முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுட்டு வா. அப்புறமா கரண்டியத் தொடு."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் உள்ளானின் குடலில் அவளுக்குப் புதிய இனம் ஒன்று கிடைத்தது. குட்டையான, வட்டமான புழு. வாயில் ஓர் உறிஞ்சி, வயிற்றில் ஓர் உறிஞ்சி, இரண்டும் இடித்துக்கொண்டு நின்றன. அதற்கு மாமியார் பேரையே வைத்தாள். அதில் பாசம் பாதி, குறும்பு பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

"குடல் புழுவுக்கா என் பேரு?" என்று கொஞ்ச நாள் மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பேச்சு. மகனுக்குக் குழந்தை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், "பேர் சொல்லப் பிள்ளை இல்லேன்னா என்ன? எனக்குப் புழு இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவார். அந்த ஒரு பதில் மருமகளை எத்தனை நாக்குகளிடமிருந்து காப்பாற்றியது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் புயலில் அடிபட்ட உள்ளான் ஒன்று வந்தது. அப்போதுதான் உயிர் போயிருந்தது, புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. சூடான உப்புநீரில் போட்டால் புழு நீட்டி நிமிர்ந்து சாகும். பாதியை அப்படிப் போட்டாள். அதற்குள் கரண்ட் போய் நீர் ஆறிவிட, மிச்சத்தை நேராக, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்தில் கொட்டினாள்.

மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உப்புநீரில் செத்தவை எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம். ஃபார்மலினில் சுருண்டவை சாட்சாத் மாமியார் புழு. ஒரே பறவை, ஒரே குடல். பேர் வைத்த அன்றைக்கும் இதுதான் நடந்திருக்கிறது. மணிக்கணக்கில் குடலை அலசப் பொறுத்தவளுக்குத் தண்ணீர் சுடும்வரை பொறுக்கவில்லை. சுருங்கிச் செத்ததைப் புது இனம் என்று எழுதிவிட்டாள்.

சும்மா இருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. மாமியாரோ இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. ஊசி போட வரும் நர்சிடம்கூடப் புழுப் புராணம். இந்த நேரத்தில் அந்தப் பேரைத் தன் கையாலேயே வெட்டுவதா? யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நேராகக் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தப் புழு புதுசு இல்ல. பழசுதான். நான்தான் அவசரத்துல மருந்துல போட்டுச் சுருக்கிட்டேன். இப்ப நானே அத மாத்தி எழுதணும்."

மாமியார் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். "நீ சொல்லலேன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன ஏன் எழுதணும்ங்கற?"

"பின்னாடி வர்றவங்க ஒரே புழுவ ரெண்டுன்னு நம்பிட்டே இருப்பாங்க அத்தை."

"அப்ப என் பேரு?"

"பழைய பேருக்குக் கீழ உங்க பேரப் போட்டு, இது செல்லாதுன்னு எழுதியிருக்கும். ஆனா எடுக்க மாட்டாங்க. ஒரு தடவ வெச்ச பேர அழிக்கற வழக்கம் எங்ககிட்ட இல்ல. பக்கத்துலயே வெச்சவங்க பேரும் நிக்கும்."

"வெச்சவங்கன்னா?"

"நான்தான்."

மாமியார் மெல்லத் தலையைத் திருப்பினார். "அடுப்படியிலதான் ஒண்ணா நிக்க முடியல நமக்கு" என்றார். "செல்லாக்காசு ரெண்டும் அங்கயாவது ஒரே முடிச்சுல கெடக்கட்டும். எழுதிடு."

மருமகள் அழுதாள். மாமியார் அவள் கையை எட்டிப் பிடித்தார். அவள் இன்னும் சோப்பு போட்டிருக்கவில்லை.